உட்காராத வீட்டுக்காரன்

குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாளன்று விருந்துக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் வருவார். கடைசி விருந்தாளி எழுந்து போகும்வரை வீட்டுக்காரன் நின்றுகொண்டே பரிமாற வேண்டும். நெபோய்ஷாவின் அப்பா அப்படித்தான் நின்றார், தாத்தாவும் நின்றார்.

நெபோய்ஷா காலையிலேயே குளியலறையில் இடது முழங்காலில் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டான்.

"தலைவர் வருவாரா?" என்றாள் மனைவி ஸ்னேஷானா.

"வராம? நான் நடக்கிறதப் பாக்கவே வருவாரு."

ஊர்க் கால்பந்து அணிக்கு வசந்தகால ஆட்டங்களுக்கு ஒரு நடுக்கள ஆட்டக்காரன் தேவை. முப்பத்தைந்து வயது நெபோய்ஷாவை இனி வேறு அணி எதுவும் கேட்காது. மால்டா, கஜகஸ்தான், வியட்நாம், மறுபடியும் மால்டா என்று அலைந்தவன். எந்த ஊரிலும் இரண்டாவது குளிர்காலத்தைப் பார்த்ததில்லை. கஜகஸ்தானின் செயற்கைப் புல்தரை முழங்காலைத் தின்றுவிட்டது. அது ஸ்னேஷானாவுக்கு மட்டும் தெரியும். பந்தை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

மதியம் அணியை நடத்தும் கழகத்தின் தலைவர் திஹோமிர் ஒரு பாட்டிலும் காப்பித்தூள் பொட்டலமுமாக வந்தார். புனிதருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியின் முன் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, சமையலறை வாசலைப் பார்த்த நாற்காலியாகத் தேர்ந்து உட்கார்ந்தார்.

மீன் சூப் மேசைக்குப் போனது. வேகவைத்த அவரை விதை போனது. பொரித்த கெண்டை போனது. மற்றவர்கள் தட்டைப் பார்க்க, திஹோமிர் அவன் காலையே பார்த்தார்.

பொழுது சாயும்போது ஊசியின் வேகம் குறைந்தது. முழங்காலுக்குள் யாரோ கண்ணாடியை அரைப்பதுபோல் இருந்தது. மற்ற விருந்தாளிகள் எழுந்து போனார்கள். தலைவரும் நண்பன் மிலாதினும் மட்டும் அசையவில்லை.

"இன்னொரு ராக்கியா ஊத்துப்பா. அவசரம் ஒண்ணுமில்ல," என்றார்.

"குடிங்க தலைவரே, உங்க வீடு மாதிரி," என்று சிரித்தான் நெபோய்ஷா. முதுகில் வியர்வை வழிந்தது.

அவன் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்ற மிலாதினுக்குப் போதை ஏறியிருந்தது. "டேய், மால்டாவுல உன்னை வெயிட்டராத்தான் வச்சிருந்தாங்களா? தட்டு தூக்குறதுல கைதேர்ந்துட்டியே!" என்று கையை வீசினான். மேசையிலிருந்த ஆப்பிள் ஒன்று உருண்டு தரையில் விழுந்தது.

நெபோய்ஷா யோசிக்கவே இல்லை. கையில் தட்டு இருந்தபடியே, வலது காலால் ஆப்பிளை அணைத்து நிறுத்தி, பூப்போல மேலே தூக்கிவிட்டான். அது நேராகத் திஹோமிரின் கைக்குப் போனது.

"அடேங்கப்பா!" என்று மிலாதின் மேசையைத் தட்டினான். தலைவரின் முகம்கூட மலர்ந்தது.

அந்த ஒரு நொடி, முழு உடம்பின் பாரமும் இடது காலில் இருந்தது. அது மடங்கியது. தட்டு சிதறியது. நெபோய்ஷா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

திஹோமிர் ஆப்பிளை மேசைமேல் வைத்தார். எழுந்து, தன் நாற்காலியை அவனிடம் இழுத்துக்கொண்டு வந்தார்.

"உக்காருப்பா."

"வேணாம் தலைவரே. இன்னிக்கி நான் உக்காரக் கூடாது."

"தெரியும். உக்காரு."

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் நெபோய்ஷாவுக்குப் புரிந்தது. அவன் உட்கார்ந்தான்.

திஹோமிர் கோட்டை மாட்டிக்கொண்டார். "கெண்டை பிரமாதம்மா," என்று ஸ்னேஷானாவிடம் சொன்னார். வசந்தகால ஆட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விருந்தாளியை வாசல்வரை வழியனுப்ப வேண்டியவன் நாற்காலியிலேயே இருந்தான். ஸ்னேஷானாதான் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.