கைராசிக்காரர்

பிணந்தின்னிக் கழுகுகள் அற்றுப்போன மறு வருஷத்திலிருந்து அந்த ஊரில் செத்த மாடுகள் சாயங்காலம் வீடு திரும்ப ஆரம்பித்தன. காலையில் வண்டியிலேற்றி ஊருக்கு வெளியே பொட்டலில் போட்டுவிட்டு வருவார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது தன் கட்டுத்தறியில் வந்து நிற்கும். தீனி கேட்காது, பால் தராது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். தின்று முடிக்க ஆளில்லாமல் சாவு எப்படி முழுசாகும் என்று ஊர் சமாதானம் சொல்லிக்கொண்டு கொட்டகைகளை நீட்டிக் கட்டியது. விருந்தாளிகள்தான் வாடைக்கு முகம் சுளித்தார்கள்.

மாட்டு டாக்டருக்கு மட்டும் இது உறுத்தியது. படுத்த மாடு அவர் ஊசி போட்ட கையோடு எழுந்து நடக்கும். கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் அந்த ஊசியிலிருந்த வலி மருந்து ஏறிய மாடு செத்தால், அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு, கழுத்து தொங்கி, மரத்திலிருந்து பொத்தென்று விழும். இதை அவரிடம் சொன்னவள் அவர் மனைவி. எங்கிருந்தோ பிடித்து வந்த கடைசி ஜோடியைக் கூண்டில் வைத்துப் பெருக்கும் காப்பகத்தில் அவளுக்கு வேலை.

“வலியில துடிக்கிற மாட்டை வேடிக்கை பாக்கச் சொல்றியா?”

“வேற மருந்துதான் இருக்கே.”

“அது மெதுவாத்தான் கேக்கும். அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்?”

“அப்ப உங்க கைராசியோடவே குடும்பம் நடத்துங்க” என்று தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காப்பகத்துக்கே குடிபோனாள்.

ஒரு மழைக்காலம் முழுக்க வீம்பாக இருந்து பார்த்தார். அவள் இல்லாத வீடு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பழைய மருந்தைத் தலைமுழுகினார். சுற்றுவட்டார டாக்டர்களிடமும் மல்லுக்கட்டி மாற்ற வைத்தார். கைராசி போய்விட்டதென்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. கழுகு ஜோடியோ வருஷத்துக்கு ஒரே முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாத்தது. சில முட்டைகள் கூமுட்டையாயின. ஒரு சிறு கூட்டம் தேறி வருவதற்குள் டாக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. நீங்கள் வைத்தியம் பார்த்த மாட்டைத் தின்றும் என் பிள்ளைகள் கழுத்து நிமிர்ந்து நிற்கட்டும், அன்றைக்கு வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

கூண்டைத் திறந்துவிட்டபோது முதலில் கிடைத்தது பால்காரரின் செத்த காளை. அதற்குக் கடைசி வரை டாக்டர்தான் வைத்தியம் பார்த்தார்.

“பழைய மருந்து ஒரு சொட்டும் போடலியே?”

“உன்மேல சத்தியமா இல்ல.”

மதியத்துக்குள் எலும்புதான் மிச்சம். அதற்குப்பின் அவரும் அவளும் காப்பகத்துச் சுவரில் உட்கார்ந்து நாள்கணக்காகக் கழுத்துகளையே பார்த்தார்கள். ஒரு கழுகு இறக்கைக்குள் தலையைச் செருகித் தூங்கியபோது அவருக்கு உயிரே போய் வந்தது. எதுவும் விழவில்லை. அவள் தலையணையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் பால்காரர் வந்தார். தினமும் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாராம்.

“டாக்டரே, என் காளை வரவே இல்ல. நெஜமாவே செத்துப்போச்சு” என்று தேம்பினார்.

டாக்டருக்கு வாயெல்லாம் பல், அடக்கவே முடியவில்லை. மனைவி அவரை முறைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாட்டுக்காக அழுவதே அந்த ஊருக்கு மறந்துபோயிருந்தது.

“அழுங்கண்ணே, நல்லா அழுங்க” என்றாள்.

அவர் அழுது முடிக்கும் வரை இருவரும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள்.