தூண்டில் சைக்கிளுக்கு இன்னொரு பூட்டு

நூலகத்தின் இரண்டாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஒரு சைக்கிளை வெறித்துக்கொண்டிருப்பது சார்ஜென்ட் டார்லா ப்ரூஸ்கிக்கு மூன்றாவது நாள். கீழே நீல நிறத்தில் பளபளவென்று நிற்பது பல்கலைக்கழகக் காவல் துறையின் தூண்டில் சைக்கிள். இருக்கைக்கு அடியில், இருக்குமிடம் காட்டும் கருவி. சக்கரத்தில், நகவெட்டிக்கே பயந்து அறுந்துவிடும் ஒல்லிக் கம்பிப் பூட்டு. திருட வா, திருட வா என்று அது வாய்விட்டுக் கூப்பிடாத குறை. ஒரு பயலும் வரவில்லை.

பக்கத்தில் ஓரின் டீட்ஸ். பால்பண்ணை வீட்டுப் பிள்ளை, இருபத்தாறு வயது, காவல் துறையில் சேர்ந்து பதினான்காவது வாரம். இருவரும் சாதாரண உடுப்பில் இருந்தார்கள்.

"மான் வேட்டைக்கு மரத்து மேல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு சார்ஜென்ட். ஒரே வித்தியாசம், அங்க பீர் இருக்கும்."

"வாயை மூடிக்கிட்டுக் கீழ பாரு."

"மானாவது ஒண்ணு ரெண்டு வரும்."

அவன் சிரித்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஆடாமல் என்ன செய்யும்? அவனுடைய பயிற்சிப் புத்தகத்தில் நூற்றுப்பன்னிரண்டு வரிகள். நூற்றுப்பதினொன்றுக்கு டார்லா கையெழுத்துப் போட்டாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று: ஒருவரைத் தானே கைது செய்து, கைரேகை வரை முடிக்க வேண்டும். ஒத்திகை செல்லாது. முன்பொருவன் ஒத்திகையில் புலியாக இருந்துவிட்டு நிஜத்தில் விலங்குச் சாவியைத் தொலைத்தான் என்று லெப்டினன்ட் ஓல்மன் போட்ட சட்டம் அது. கெடு வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் புதன். முடியாவிட்டால் வேலை கிடையாது, வேலையோடு வரும் இன்ஷூரன்ஸும் கிடையாது. ஓரினின் மனைவிக்கு டிசம்பரில் பிரசவம்.

இதில் கேலிக்கூத்து என்னவென்றால், குற்றம் நடக்காமல் போனதற்குக் காரணமே டார்லாதான். அவள் பதவியின் பெயர் 'பயிற்சி மற்றும் குற்றத் தடுப்பு'. அந்த நடு 'மற்றும்' என்றைக்காவது தன் கழுத்தை நெரிக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆகஸ்டில், முதலாண்டுப் பிள்ளைகள் ஆயிரத்து எண்ணூறு பேரை அரங்கத்தில் உட்காரவைத்துக் கத்தினாள்: "நீங்க போடறது பூட்டு இல்ல, ரிப்பன்! இரும்புப் பூட்டு வாங்குங்க. நம்பரைப் பதிவு பண்ணுங்க. பக்கத்துல நிக்கிற சைக்கிளையும் ஒரு கண்ணு பாருங்க." போன வருடம் வகுப்பு தொடங்கிய முதல் ஆறு வாரத்தில் பத்தொன்பது சைக்கிள் போயிற்று. இந்த வருடம் ஒன்றுகூட இல்லை.

பத்தேமுக்காலுக்கு மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பெண் தூண்டில் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினாள். கம்பிப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பையைத் திறந்தாள்.

"கத்திரி எடுக்கறா!" ஓரின் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். டார்லா பின்னாலேயே ஓடினாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் சைக்கிளில் கனமான இரும்புப் பூட்டு ஒன்றை மாட்டி முடித்து, இருக்கையில் ஒரு சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். 'உங்கள் பூட்டை மூன்று நொடியில் வெட்டிவிடுவார்கள். என்னிடம் ஒன்று கூடுதலாக இருந்தது. சாவிக்கு: மாய்சீ ஷியோங், மேற்கு விடுதி, 214.'

"போலீஸ்! அப்படியே நில்லு!" ஓரின் வில்லையைக் காட்டினான்.

"நல்லவேளை, வந்தீங்க," என்றாள் மாய்சீ. "இது யாரோடதுன்னு பாத்து நாலு வார்த்தை திட்டுங்க. இப்படியா விட்டுட்டுப் போவாங்க?"

"சாவியைக் குடு."

"உங்க சைக்கிளா?"

"இல்ல... ஒரு வகையில ஆமா."

"அப்ப நம்பர் சொல்லுங்க."

ஓரின் டார்லாவைப் பார்த்தான். டார்லா வானத்தைப் பார்த்தாள். தூண்டில் சைக்கிள் ஒரு பொய்ப் பெயரில் பதிவாகியிருந்தது. நம்பர் அலுவலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் அவள் ஒருத்தி, ஆனால் மனப்பாடமாக யாருக்குத் தெரியும்?

"நம்பர் சொல்லாதவங்களுக்குச் சாவி குடுக்கக் கூடாது. போலீஸ்னு சொன்னாலும் குடுக்கக் கூடாது. அரங்கத்துல அந்த அம்மாதான்..." என்றவள் டார்லாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "ஐயோ, நீங்களேதானா! மேடம், நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்ல," என்றாள் டார்லா. "ஆமா. இல்ல. நீ கிளாஸுக்குப் போ."

லெப்டினன்ட் ஓல்மன் சீட்டை இரண்டு முறை படித்தார். அவருடைய அப்பா போலீஸ், தாத்தா போலீஸ். டார்லாவின் அம்மா இதே வளாகத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் தட்டுக் கழுவியவள். வேலை பார்த்துக்கொண்டே ஒன்பது வருடம் இழுத்துப் பட்டம் வாங்கிய டார்லாதான் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. ஓல்மன் அதை மறக்கவும் மாட்டார், மறக்க விடவும் மாட்டார்.

"படிச்சவதானே நீ டார்லா? இது கைது இல்லியா? அடுத்தவன் சொத்துல கை வச்சிருக்கா. சொந்தக்காரன் எடுக்க முடியாமப் பண்ணியிருக்கா. போலீஸ் கேட்டும் சாவி தரல. டீட்ஸ் போய்ப் பிடிக்கட்டும். ஒரு மணி நேரத்துல விட்டுடுங்க. கேஸை நானே அப்புறம் கிழிச்சிடறேன்."

"கைரேகையை யாரு கிழிப்பா?"

"எத்தனையோ பிள்ளைங்களோட கைரேகை போலீஸ் பதிவுல இருக்கு. டீட்ஸுக்கு ஒரு குழந்தைதான் பொறக்கப்போகுது."

டார்லா மாய்சீயின் பல்கலைக்கழகப் பதிவு அட்டையைப் பார்த்திருந்தாள். நர்ஸிங். பெற்றோரின் படிப்பு என்ற இடத்தில் கோடு. நர்ஸுக்கு உரிமம் கொடுப்பவர்கள் கைரேகையைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார்கள். இது ஓல்மனுக்குத் தெரியாதா? தெரியும். அவருக்கு அது ஒரு வரி, அவ்வளவுதான்.

மதியம் மேற்கு விடுதிக்கு எதிரே வண்டியை நிறுத்தினாள். ஓரின் இறங்கவில்லை.

"நீங்க உத்தரவு போடுங்க சார்ஜென்ட். போட்டா போய்ப் பிடிக்கிறேன்."

"கைது உன் முடிவு. பாடம் நாலு, முதல் பக்கம்."

"பாடத்தைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

"போடமாட்டேன்."

"சரி, அப்ப போகாதேன்னு ஒரு உத்தரவு போடுங்க. அதையாவது போடுங்க."

அதுவும் அவள் வாயில் வரவில்லை. போகாதே என்றால் இவன் பெண்டாட்டி பிள்ளையின் வயிற்றில் அடிப்பது. போ என்றால் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே குற்றத்துக்காக ஒரு பெண்ணுக்கு விலங்கு மாட்டுவது. இரண்டையும் கற்றுக்கொடுத்தது அவள்தான். எந்த வகுப்பில் தப்பு நடந்தது? யோசிக்க யோசிக்க, முடிச்சின் நுனிகூட அகப்படவில்லை.

"எங்கம்மா கேப்பாங்க," என்றான் ஓரின். "மொத மொதல்ல யாரைப் பிடிச்சேன்னு. சைக்கிளைக் காப்பாத்தினவளைன்னு சொல்லவா?" இடுப்பில் இருந்த விலங்கை ஒரு தரம் தொட்டான். கையை எடுத்தான். மறுபடி தொட்டான்.

பிறகு டார்லா சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள். அது உத்தரவா இல்லையா என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமையும் ஜன்னலில் உட்கார்ந்தார்கள். அணில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை நூற்றுப்பன்னிரண்டாவது வரியை எழுத உட்கார்ந்தாள். மார்க் போட வேண்டுமென்றால் சம்பவத்தை எழுத வேண்டும். எழுதினால் மாய்சீயின் பெயரைக் குற்றம் செய்தவள் என்ற கட்டத்தில் போட வேண்டும். இல்லையென்றால் 'வாய்ப்பு அமையவில்லை'. அதைத்தான் எழுதினாள். கீழே கோபத்தோடு, தாள் கிழிகிற அழுத்தத்தில் சேர்த்தாள்: 'பயிற்சிக் காவலரின் பகுதியில் ஆறு வாரமாகத் திருட்டு இல்லை. அதற்கு அவரும் நானும் பொறுப்பு.'

ஓல்மன் படித்தார். முகம் மலர்ந்தது.

"பத்தொன்பதுல இருந்து பூஜ்யம்! இதை ஏன் முன்னாடியே சொல்லல? நம்ம துறைத் தலைவர் சந்தோஷத்துல குதிப்பாரு. உனக்குப் பாராட்டுப் பத்திரம் நிச்சயம்."

"டீட்ஸ் பேரையும் போடுங்க. வாரம் அஞ்சு நாள் அந்த சைக்கிள் நிறுத்தத்தைச் சுத்திச் சுத்தி வந்தது அவன்."

"பயிற்சியில தேறாதவனுக்கு எப்படிப் பாராட்டுக் குடுக்கறது?"

"குத்தம் இல்லாததாலதானே சார் அவன் தேறல?"

"அதேதான்."

"அதேதான் எனக்குப் பாராட்டு?"

"ஆமா. இதுல உனக்கு என்ன குழப்பம்?" நிஜமாகவே கேட்டார் மனிதர்.

மூன்று மணிக்கு ஓரின் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தான். சீருடை, டார்ச் விளக்கு, பூட்ஸ். எல்லாவற்றுக்கும் ஓர் அட்டைப்பெட்டி.

"பாராட்டுப் பத்திரமாமே. வாழ்த்துகள் சார்ஜென்ட்." குத்தினானா, மனசாரச் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஓரின், நான்..."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு நான் இறங்கிப் போய்ப் பிடிச்சிருந்தா எத்தனை மார்க் போட்டிருப்பீங்க?"

அவள் பொய் சொல்லப் பார்த்தாள். முடியவில்லை. "முறைப்படி பண்ணியிருந்தா, ஏழுக்கு ஏழு."

"போகாததுக்கு?"

அதற்குப் புத்தகத்தில் வரி இல்லை. அவள் குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவரும் தூக்கிக்கொண்டு அவன் வண்டி வரை நடந்தார்கள்.

"மாவட்ட ஜெயில்ல ஆள் எடுக்கறாங்க," என்றான். "எனக்கேத்த வேலை. அங்க எல்லாரும் ஏற்கெனவே பிடிபட்டுத்தான் வருவாங்க."

டார்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அப்புறம் அவள் கேட்டாள், "இன்ஷூரன்ஸ்?"

"சேர்ந்து தொண்ணூறு நாள் ஆகணும்."

"குழந்தை பொறக்க இன்னும் எத்தனை நாள்?"

"அறுபது."

பெட்டி இன்னும் இருவர் கையிலும் இருந்தது. அதை வண்டியில் வைத்தால் அவன் போய்விடுவான். வைக்காமல் எத்தனை நேரம் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனும் அவசரப்படுத்தவில்லை.