கேட்பவளும் அவளே, சொல்பவளும் அவளே

சின்னவளுக்கு ஜோடி கிடைக்கவில்லை. கல்யாண ஜோடி இல்லை கண்ணுகளா, அவசரப்படாதீர்கள். இது படிக்கிற ஜோடி.

அவள் சேர ஆசைப்பட்டது ஒரு கன்சல்டிங் கம்பெனியில். யாருடைய கடையாவது படுத்துவிட்டால், ஏன் படுத்தது, எப்படி எழுப்பலாம் என்று யோசித்துச் சொல்கிற வேலை அது. நம் வீட்டு அத்தைமார் காலங்காலமாக ஓசியில் செய்வதுதான். அங்கே சம்பளம் கொடுக்கிறார்கள். விடுமுறையில் இன்டர்ன்ஷிப் கிடைக்க வேண்டுமானால் முதல் சுற்று இன்டர்வியூவைத் தாண்ட வேண்டும். எதிரே இருப்பவர் ஒரு தொழிலின் கஷ்டத்தைக் கதையாகச் சொல்வார். இவள் கேள்வி கேட்டு, அவர் சொல்லும் பதிலைப் பிடித்துக்கொண்டே போய், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பழகிப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்.

கல்லூரி வகுப்பில் ஆளாளுக்குக் கண்ணைக் காட்டி ஜோடி சேர்ந்துகொண்டார்கள். இவள் பையை மூடிவிட்டு நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "மூணு பேரா சேந்துக்கலாமா?" என்று ஒரு ஜோடியிடம் கேட்டாள்.

"சொல்றோம்பா" என்றார்கள். சொல்லவில்லை.

அந்தக் கம்பெனியின் விளம்பரத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு மேஜையைச் சுற்றி நான்கு பேர். ஒருத்தி ஏதோ சொல்ல, மற்ற மூவரும் சண்டைக்கு வருவதுபோல் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இந்த நகரத்துக்கு வந்ததிலிருந்து அவளோடு சண்டை போடக்கூட ஆள் இல்லை. அந்த மேஜையில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அவள் வாடகைக்குத் தங்கியிருந்த அறையில் இன்னொருத்தி உண்டு. ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ் அக்கா. காலையில் வந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவே உள்ள திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். இருவரும் முகம் பார்ப்பது வாசலில் செருப்பு மாட்டும்போதுதான்.

ஆகவே சின்னவள் தானே இரண்டு பேரானாள். ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தால் இன்டர்வியூ எடுப்பவர். எழுந்து வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் சின்னவள். எடுப்பவருக்குத் தன் பெரிய மாமாவின் குரலைக் கொடுத்தாள். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பெண்டாட்டி காபி நீட்டினால்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். திரைக்கு அந்தப்பக்கம் அக்கா தூங்குவதால் அந்தக் கட்டைக் குரலையும் கிசுகிசுப்பாகத்தான் பேச வேண்டியிருந்தது. ஜலதோஷம் பிடித்த பூனை மாதிரி இருந்தது.

"ஒரு நீச்சல்குளம். கூட்டம் குறையல, லாபம் குறையுது. ஏன்?" என்பார் ஸ்டூல் மாமா.

"செலவு ஏதாவது ஏறியிருக்கா, சார்?" என்பாள் கட்டில்காரி.

எழுந்து போய் உட்கார்ந்து, "ஏறல" என்பாள். நாலைந்து நாளில் எழுந்து போகிற சிரமத்தையும் விட்டுவிட்டாள். இருந்த இடத்திலேயே குரலை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

அம்மா தையல் யூனிட்டிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் போனில் கூப்பிடுவாள். பின்னால் மிஷின்கள் ஓய்ந்திருக்கும்.

"யார்கூடடி படிக்கிற?"

"பிரண்ட்ஸ்கூடத்தாம்மா."

"சத்தமே இல்லையே?"

"படிக்கிறோம்ல, அதான்."

இன்டர்வியூ நாளும் வந்தது. லேப்டாப்பில் ஓர் அம்மாள் தோன்றினார். களைத்த முகம், நல்ல சிரிப்பு.

"கொஞ்சம் சத்தமா பேசுங்க. ஏன் ரகசியம் சொல்ற மாதிரி பேசறீங்க?" என்றார் முதலிலேயே. பிறகு கதையைச் சொன்னார். ஒரு பல் மருத்துவமனை. முதல் தடவை நிறையப் பேர் வருகிறார்கள்; இரண்டாம் தடவை வருவதில்லை.

சின்னவள் தயாராகத்தான் இருந்தாள். "கட்டணம் அதிகம்னு நினைக்கிறாங்களா, மேடம்?" என்று கேட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள், தோளைச் சற்றுத் திருப்பி, கட்டைக் குரலில் அவளே சொன்னாள்: "இல்ல. அக்கம்பக்கத்துல இதான் கம்மி."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "அத நான்ல சொல்லணும்?"

சின்னவளுக்குக் காது மடல் வரை சுட்டது. "சாரி மேடம்" என்றாள். அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்கும் மாமா பதில் சொல்லிவிட்டார். மூன்றாவதற்கும். நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"எனக்கு ஜோடி கிடைக்கல மேடம்" என்று கடைசியில் உண்மையைச் சொன்னாள். "ரெண்டு பேராவும் நானே பேசிப் பழகிட்டேன்."

அந்த அம்மாள் பேனாவை மறுபடி எடுத்தார். "சரி. இப்பத்தான் நான் இருக்கேன்ல? கேளுங்க."

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "திரும்ப வராதவங்ககிட்ட, ஏன் வரலன்னு யாராவது கேட்டாங்களா?"

காத்திருந்தாள்.

"கேட்டாங்க. வலி போயிடுச்சு, அப்புறம் எதுக்கு வரணும்னு சொன்னாங்களாம்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளாக அவள் கேட்டதற்கெல்லாம் அவளுக்குத் தெரிந்த பதில்தான் வந்தது. இது அவள் தலைக்குள் இல்லாத பதில். அதைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். ஆனால் நேரம் முடிந்துவிட்டது.

தேர்வாகவில்லை. தகவல் வந்தது. 'யோசனை நன்று, எதிரில் இருப்பவருக்கு இடம் தரப் பழகவும்' என்று இரண்டு வரி. இடம் தருவதற்கு எதிரில் ஆள் வேண்டுமே என்று நினைத்துக்கொண்டாள். அழவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். திரைக்கு இந்தப்பக்கம், தலையணைக்குள் முகத்தைப் புதைத்து, அதுவும் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

அன்று சாயங்காலம் அக்கா தலை பின்னிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி, நம்ம நீச்சல்குளம் என்னாச்சு?"

"எந்த நீச்சல்குளம்?"

"அதான், கூட்டம் இருக்கு, லாபம் இல்ல. பாதியில தூங்கிட்டேன். உன் கதை கேக்காம எனக்கு இப்பல்லாம் தூக்கமே வரதில்ல. அந்தக் கட்டைக் குரல் ஆளு இருக்காரே, சரியான சிடுமூஞ்சி!"

'நம்ம' என்றாளே, அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள் சின்னவள்.

"எல்லாம் காதுல விழுந்துச்சாக்கா?"

"பல்லு டாக்டரும் விழுந்துச்சு. இன்னிக்கு நீ அழுததும் விழுந்துச்சு. வேற கம்பெனியே இல்லையா ஊர்ல?"

"அடுத்த வாரம் ஒண்ணு இருக்கு."

"அப்ப அந்தச் சிடுமூஞ்சிய நிறுத்திடு. காலையில வந்து நான் உக்கார்றேன்." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஓடினாள்.

சொன்னபடியே காலையில் வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதுகு ஜன்னலோரச் சுவரில் சாய்ந்தது. "கேளு" என்றாள்.

"டிக்கெட் வாங்காம உள்ள போறவங்க யாராவது இருக்காங்களா?" சின்னவள் முழுக் குரலில் கேட்டாள்.

அக்காவின் தலை தோளில் சரிந்திருந்தது. கையில் வாட்ச் இன்னும் கழற்றப்படவில்லை.

மாமாவின் குரல் தொண்டை வரை வந்தது. சின்னவள் அதை விழுங்கினாள். ஜன்னல் திரையை இழுத்து வெயிலை மறைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அக்கா விழித்துப் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.