இன்னொரு தகடு

மூன்றாவது தொட்டியிலிருந்து கண்ணாடித் தகட்டை இர்ம்கார்ட் இடுக்கியால் தூக்கியபோது நடைக்கூடத்தில் தொலைபேசி அடித்தது. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. தகட்டை ஒற்றுத்தாளின் மேல் வைத்துவிட்டு ஓடினாள்.

"அண்ணி, ஹெட்விக் பேசுறேன். டாக்டர் வந்துட்டுப் போனார். நாளைக்குத் தாங்காதுன்னுட்டார். அண்ணன் அந்தப் படத்தையே கேட்டுக்கிட்டு இருக்கு."

"நினைவு இருக்கா?"

"நினைவுக்கென்ன? என் சூப்புல உப்பே இல்லன்னு இப்பத்தான் சொல்லுச்சு."

இர்ம்கார்ட் சிரித்தாள். சிரித்த வாயோடே அழுகையும் வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு நெற்றியைச் சுவரில் சாய்த்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, திரும்பி வந்தபோது தகடு காய்ந்திருந்தது.

செல்லின் உட்கருவைக் காயவிடக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இருபத்தொரு வருடமாகச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஈரம் இருக்கும்வரைதான் அது உருண்டை. காய்ந்தால் காற்றுப் போன பந்துபோல் தட்டையாகிவிடும். உள்ளே எது எங்கே இருந்தது என்று அப்புறம் யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

எது எங்கே இருக்கிறது என்பதுதான் அவள் கணவர் ஓட்மாருக்கு வேண்டியிருந்தது. உட்கருவுக்குள் குரோமோசோம்கள் கிண்ணத்து நூடுல்ஸ் மாதிரி பின்னிக் கலந்து கிடக்கின்றன என்பார் துறைத் தலைவர் கெஸ்னர். கலப்பதில்லை, சுவர் இல்லாவிட்டாலும் அதது அதனதன் இடத்தில் இருக்கிறது என்பது ஓட்மாரின் கட்சி. ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் பச்சைச் சாயம் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பச்சை எங்கும் படர்ந்திருந்தால் கெஸ்னர் சொன்னது. இரண்டு தனித் திட்டுகளாக நின்றால், தகப்பனிடமிருந்து வந்தது ஒன்று, தாயிடமிருந்து வந்தது ஒன்று என்று நின்றால், ஓட்மார் சொன்னது.

"நம்ம அப்பாவும் அம்மாவும் உனக்குள்ளயும் ஆளுக்கொரு மூலையா?" என்று ஹெட்விக் ஒருமுறை அண்ணனிடம் கேட்டாள். "வீட்டுலதான் அப்படின்னா, அங்கயுமா?"

தகட்டிலிருந்த ரத்தமும் ஓட்மாருடையதுதான். எழுந்து நடமாட முடிந்த கடைசி வாரத்தில் எடுத்தது. அதிலிருந்து செய்ததில் இரண்டு தகடுகள்தான் தேறின.

காய்ந்ததையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். இருட்டில் இரண்டு பச்சைத் திட்டுகள், ஒன்றையொன்று தொடாமல். படத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு டிராம் பிடித்தாள்.

இரட்டைக் கட்டிலில் தன் பக்கத்து மெத்தையில் ஓட்மார் படுத்திருந்தார். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும்போல அங்கும் இரண்டு மெத்தை, இரண்டு இறகுப் போர்வை, நடுவில் ஒரு பிளவு. அவருடைய கண்ணாடியும் பென்சிலும் அந்தப் பிளவில்தான் தொலையும். அவள் தன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ரெண்டா?"

"ரெண்டு."

வெகுநேரம் பார்த்தார். மூச்சு நெஞ்சுக்குள் இரைந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"காய விடலையே, இர்மி?"

"இல்ல."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்து வெள்ளை அங்கியைக் கழற்றாமல் வந்திருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"இன்னொண்ணு குளிர்பெட்டியில இருக்கு," என்றார். "அவசரமில்ல."

அதற்குமேல் அவர் பேசவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹெட்விக் எழுந்து போய், பிரிந்த உயிர் வெளியேற ஜன்னலைத் திறந்துவிட்டாள். இர்ம்கார்ட் அவர் கையைப் பிடித்தபடி, குளிர் உள்ளே வரட்டும் என்று இருந்தாள்.

அடக்கம் வெள்ளிக்கிழமை. இடுகாட்டு வாசலுக்கு எதிரே இருந்த விடுதியில் எல்லோருக்கும் காப்பியும் கேக்கும். இரண்டாவது கோப்பை முடிவதற்குள் சாவு வீட்டுச் சத்தம் கல்யாண வீட்டுச் சத்தமாகிவிட்டது. கெஸ்னர் கறுப்புக் கோட்டோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"பிடிவாதக்காரன்," என்றார். "பதினஞ்சு வருஷம் என்கூட மல்லுக்கட்டினான். இனி யார்கூட நான் சண்டை போடுறது?"

"காமிங்களேன் அண்ணி," என்றாள் ஹெட்விக், கேக்கை வெட்டியபடியே. "பைக்குள்ளதானே இருக்கு? அண்ணன் ஜெயிச்சிடுச்சு, புரொஃபசர். இவங்க கண்ணாலயே பார்த்தாங்க."

கெஸ்னர் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். இன்றைக்கு அவர் எதையும் ஒப்புக்கொள்வார் என்று இர்ம்கார்டுக்குத் தெரிந்தது. கைப்பையின் கொக்கியில் விரல் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும்.

"அது காஞ்சுபோன தகடு," என்றாள். "நான்தான் காயவிட்டேன். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

கெஸ்னர் கையை மடக்கிக்கொண்டார். ஹெட்விக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

இர்ம்கார்ட் காப்பியைக் கலக்கினாள். அதில் சர்க்கரை போடவே இல்லை.

திங்கட்கிழமை ஆய்வகம் போனாள். குளிர்பெட்டியில், ஓட்மார் பென்சிலால் பெயரெழுதிய தகடு ஈரத்திலேயே இருந்தது. சாயம் ஏற்றி இரவு முழுக்க வெதுவெதுப்பில் விட்டாள். மறுநாள் காலை கழுவினாள். இரண்டாவது தொட்டியில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உருண்டையாக இருந்தது உட்கரு. நுண்ணோக்கியின் திருகைத் திருப்பத் திருப்ப மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காய் உள்ளே இறங்கினாள். ஒரு பச்சைத் திட்டு. இன்னும் கீழே போனால், எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. வேறு நாற்பது உட்கருக்களையும் பார்த்தாள்; அவற்றிலும் இரண்டிரண்டுதான். பிறகு படமெடுத்து, அதையும் தகட்டையும் ஓர் உறையில் போட்டு, கெஸ்னரின் மேசைமேல் வைத்தாள். ஏதும் எழுதவில்லை.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஹெட்விக் துவைத்த போர்வை உறைகளை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மெத்தையை எடுத்துடலாமா அண்ணி? நடுவுல தாராளமாப் படுத்துக்கலாம்."

"இருக்கட்டும்."

ஹெட்விக் போனபின் இர்ம்கார்ட் இரண்டு போர்வைகளையும் உதறி, அதனதன் பக்கத்தில் விரித்தாள். தன் பக்கத்தில் படுத்தாள். கை பிளவுக்குள் இறங்கியது. ஒரு பென்சில் தட்டுப்பட்டது.

எழுந்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கத்துச் சிறு மேசையில் அதை வைத்தாள். மறுபடி சுற்றிக்கொண்டு வந்து தன் இடத்தில் படுத்துக்கொண்டாள்.