வாசலில் விழுந்த வெள்ளை உருவம்

1

இந்தக் கதை என் அண்ணியுடையது. அவர் பேச்சுவாக்கில் சொன்னதை நான் சுட்டுக்கொண்டேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

அந்த இருண்ட கட்டடத்தில் எப்போதோ இறந்துபோன ஒருத்தி...

(வேண்டாம். அது சுவருக்கு மஞ்சள் அடித்த குழந்தைகள் காப்பகம். அண்ணி நடத்துவது. அங்கே யாரும் இறக்கவில்லை.)

2

குளிரும் தூறலுமாக ஒரு மாலை. மகளைக் கூட்டிப்போக வந்த தச்சர் ஒருவர், வாசலில் நின்றவளைப் போனில் படமெடுத்தார். மங்கலாக இருந்ததால் ஃப்ளாஷ் அடித்தது. படத்தில் அவளைச் சுற்றி வெள்ளை வட்டங்கள். தோளருகே புகைபோல ஓர் உருவம். பேய் என்று படம் ஊரெல்லாம் பரவியது. ஒரே வாரத்தில் பத்தொன்பது குழந்தைகளில் மிஞ்சியது நான்கு. "மூடிடலாம்" என்றான் அண்ணன்.

(தச்சரை வில்லனாக்கியிருந்தேன். படித்துப் பார்த்த அண்ணி, "அதை அடிச்சிடு. அந்த மனுஷன் நிஜமாவே நடுங்கிப்போயிருந்தாரு" என்றார். அடித்துவிட்டேன்.)

3

அண்ணி தினமும் மாலை அதே இடத்தைப் படமெடுத்தார். பதினோரு நாளும் வெறும் வாசல்தான்.

"பேய் லீவுல போயிருக்கு" என்று அண்ணன் சீண்டினான்.

பன்னிரண்டாம் நாள் குளிர்ந்து தூறியது. எடுத்தார். வட்டங்கள்! லென்சுக்கு வெகு அருகில் விழுந்த துளிகள் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் ஊதிப் பெருத்திருந்தன. உருவம் மட்டும் இல்லை. சலித்துப்போய்ப் பெருமூச்சு விட்டபடியே மறுபடி அழுத்தினார்.

வந்துவிட்டது.

4

"உடனே வாங்க, பேயைக் காட்டறேன்!" என்று வீடு வீடாகப் போன் போட்டார். பிள்ளைகளும் குடைகளுமாக வாசல் நிறைந்தது.

தச்சரிடம் சொன்னார்: "உங்க போன்லயே எடுங்க. முதல்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு."

வட்டங்கள் மட்டும்.

"இப்ப மூச்சை நல்லா விட்டுக்கிட்டே எடுங்க."

தச்சர் திரையையே பார்த்தார். "அப்ப அது... நானா?"

"நீங்களேதான்! குளிர்ல உங்க மூச்சு ஆவியாத் தெரியுதில்ல? ஃப்ளாஷ் பட்டதும் அது உருவமாயிடுச்சு."

"அப்பா, நான் ஊதறேன், என் பேயை எடுங்க!" என்று குதித்தாள் மகள். மற்றப் பிள்ளைகளும் ஊதத் தொடங்கினார்கள்.

5

முடிவு ஒன்று: தச்சர் எல்லார் முன்னாலும் மன்னிப்பு

முடிவு இரண்டு: ஒன்றும் பேசாமல் அண்ணியின் கையை

இரண்டையும் பாதியில் விட்டுவிட்டேன். போகும்போது தச்சர் ஏதோ சொன்னாராம். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள. உனக்கெதுக்கு?" என்கிறார் அண்ணி. ஆகவே அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது மறுநாள் காலை நடந்தது மட்டும்தான். அண்ணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பத்தொன்பதாவது "வந்துட்டேன் டீச்சர்!" கேட்டதும், இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். தெருக்கோடி வரை கேட்டதாம்.