மூன்று ஏய்

கம்ப்யூட்டர்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டு அம்மா மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

"நான்தான் தம்பி அமுக்கினேன். இவர் தொடவே இல்ல. நேத்து காலையில செவப்பா ஒரு பெட்டி வந்துச்சு. உங்க கம்ப்யூட்டர் ஆபத்துல இருக்கு, உடனே காப்பாத்துங்கன்னு போட்டிருந்துச்சு. காப்பாத்தத்தானே சொல்றான்னு அமுக்கிட்டேன்."

"எல்லாரும் அமுக்குறதுதாம்மா. திருடனே போலீஸ் உடுப்புல வந்து, உங்க வீட்ல திருடன் பூந்துட்டான், சாவியக் குடுங்கன்னா குடுத்துடுவோம்ல? அது மாதிரிதான் இதுவும்."

இதை அவர் மாதத்துக்கு இருபது வீடுகளிலாவது சொல்வார். எங்கே சொன்னாலும் சின்னச் சிரிப்பு ஒன்று கிடைக்கும். இங்கே கிடைக்கவில்லை.

கூடத்தின் மூலையில், சன்னலை ஒட்டி, இரும்பு மேசைமேல் கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர். எழுபது வயதிருக்கும். கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணி. அந்தத் துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். தெருவில் யாரைக் கேட்டாலும் 'ஃபிட்டர் வீடு' என்றுதான் வழி சொல்வார்கள். மேசையும் அவர் செய்ததுதான். நான்கு கால்களும் தரையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தன. மேசைமேல் ஒரு சிலேட்டு, ஒரு துண்டு சாக்பீஸ்.

திரையில் பெரிய கேடயம் ஒன்று சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது. 'உங்கள் கணினியில் 412 ஆபத்துகள்.' அதன் கீழே எண் ஏறிக்கொண்டே போனது. 413. 414. கேடயத்துக்குப் பின்னால் வெறும் நீலம். ஒரு கோப்புகூட இல்லை.

"இவருக்குக் குரல் கிடையாது தம்பி," என்றார் அம்மா. "போன வருஷம் தொண்டையில ஆபரேஷன். குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. எடுக்கப் போறோம்னு முன்னாடியே சொன்னதால ஒம்பது நாள் டைம் கெடச்சுது. ஒம்பது நாளும் இந்த நாற்காலியில உக்காந்து பேசிப் பேசிப் பதிவு பண்ணினார். நூத்தி எண்பத்தாறு. தண்ணி வேணும்னா தண்ணின்னு ஒண்ணு, அத அமுக்குவார். உப்பு இல்ல, யாரது, ஃபேனப் போடு, எல்லாமே இருந்துச்சு. எல்லாம் இந்தத் திரை மேலயே வரிசையா இருக்கும். நேத்துலேருந்து ஒண்ணையும் காணோம்."

"கழுத்துல வச்சுப் பேசுற கருவி ஒண்ணு வருமேம்மா?"

"இருக்கு. ரேடியோவுல ஸ்டேஷன் கிடைக்காத மாதிரி கத்தும். ஒரு நாள் வச்சுப் பார்த்தார். டிராயர்ல போட்டுப் பூட்டிட்டார்."

ஃபிட்டர் மேசையை விரல் முட்டியால் ஒரு முறை தட்டினார். இரும்பு மேசை கணீர் என்றது.

"ஆமான்னு அர்த்தம்," என்றார் அம்மா. "ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டு தட்டுன்னா இல்ல, வேண்டாம். தெரிஞ்சு வச்சுக்குங்க, பக்கத்துல உக்காந்து ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பார்."

கம்ப்யூட்டர்காரரின் கைபேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை; பில் போடும் கம்ப்யூட்டர் காலையிலிருந்து படுத்துவிட்டது. "சரிங்கம்மா," என்று தலையாட்டிக்கொண்டே அதற்குப் பதில் அனுப்பினார்.

"அதுல ஏய்னு மூணு இருக்கு தம்பி. என்னக் கூப்பிட. எதுக்கு மூணுன்னு கேட்டேன். ஏய் சாதாரணம், ஏய் கோபம், ஏய் சும்மான்னு பேரு வச்சிருக்கார். சும்மா ஏய்ன்னா என்னன்னு கேட்டா, பதிவு பண்ணும்போது தொந்தரவு பண்ணாதேன்னார். கல்யாணமாகி நாப்பத்தஞ்சு வருஷமா என் பேர வாய் தொறந்து சொன்னதில்ல. ஏய்தான். சமையக்கட்டுல இருப்பேன், இங்கேருந்து அந்தச் சும்மா ஏய் வரும். போய் என்னன்னு கேட்டா ஒண்ணும் இருக்காது."

ஃபிட்டர் அவரைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் வேற எங்கயாவது காப்பி எடுத்து வச்சிருக்கீங்களாம்மா?"

"மக எடுத்துத் தரேன்னா. போனுக்கும் மாத்தித் தரேன், அடுத்த தடவை வரும்போதுன்னா. அவ வரணுமே."

"ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. இந்த மாதிரி வைரஸ் எதையும் அழிக்காது. ஒளிச்சு வச்சுட்டு, எல்லாம் போச்சுன்னு பயமுறுத்தும், அவ்வளவுதான். அரை மணி நேரத்துல உங்க வீட்டுக்காரர் பேசுவார் பாருங்க."

அந்த அம்மாவின் முகம் ஒரு நாளுக்குப் பிறகு அப்போதுதான் தளர்ந்தது. ஃபிட்டர் மேசையை ஒரு முறை தட்டினார். அம்மா டீ போட உள்ளே போனார்.

கம்ப்யூட்டர்காரருக்கு நாற்பது வயது. பதினேழு வருடமாக இதே வேலை. வைரஸைத் தடுப்பதாகச் சொல்லி ஏமாற்றும் இந்த மாதிரிப் போலி நிரல்களை அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். முதலில் இணைய வயரைப் பிடுங்கினார். கம்ப்யூட்டரை அணைத்து, தேவையானவை மட்டும் ஓடும் நிலையில் திரும்பத் திறந்தார். கேடயம் வரவில்லை. திறக்கும்போதே அதை எழுப்பிவிடும் வரியைத் தேடிப் பிடித்து நீக்கினார். அது குடியிருந்த கோப்புறையை மொத்தமாகத் தூக்கினார். ஒவ்வொன்றும் போகும்போது ஃபிட்டர் நாற்காலியை அரை அங்குலம் முன்னே இழுத்துக்கொண்டார். மெஷினைப் பிரித்துப் போட்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிற தொழிலாளியின் பார்வை அது.

அடுத்தது குப்பை கூட்டுதல். தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் கோப்புறையைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் தேர்ந்து, ஒரேயடியாக அழிப்பது. எல்லா வீட்டிலும் இதைச் செய்வார். வைரஸின் மிச்சம் மீதி அங்கேதான் பதுங்கும்.

இந்த வகைப் போலி, திரையில் இருந்து களவாடியதையும் அங்கேதான் ஒளித்து வைக்கும். அது கம்ப்யூட்டர்காரருக்குத் தெரியாததல்ல. போன வருடம் ஒரு வக்கீலின் வழக்குக் காகிதங்களை அந்தக் கோப்புறையிலிருந்துதான் மீட்டுக் கொடுத்தார். அன்றைக்கு நினைவு இருந்தது. இன்றைக்குக் கைபேசி அடித்தது.

"என்னண்ணே, வரீங்களா இல்லையா? மாத்திரை வாங்க வந்தவங்க வாசல் வரைக்கும் நிக்கிறாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வந்துட்டே இருக்கேன்யா." கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கோப்புகள் அனைத்தையும் தேர்ந்தார். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றார்.

சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அதில் பச்சைக் கோடு நகர, அழிந்துகொண்டிருக்கும் கோப்பின் பெயர் கீழே ஓடியது. முதலில் எண்ணும் எழுத்துமாகக் குப்பைப் பெயர்கள். பிறகு, 'அப்புறம் பார்க்கலாம்'. 'இன்னும் கொஞ்சம்'. 'உப்பு இல்ல'.

டக் டக்.

"கேபிளக் கழட்டி மாட்டிப் பார்த்தியா?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார் கம்ப்யூட்டர்காரர்.

டக் டக். டக் டக்.

"ரெண்டு நிமிஷம் சார், முடிஞ்சிடுச்சு," என்றார் ஃபிட்டரைத் திரும்பிப் பார்க்காமல். "உங்கிட்ட இல்லய்யா, இங்க ஒருத்தர்கிட்ட சொன்னேன்."

டக் டக். பிறகு சாக்பீஸ் சிலேட்டில் கிறீச்சிடும் சத்தம். பிறகு ஒரு கை வந்து அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கியது. திரும்பினார். ஃபிட்டரின் வாய் முழுதாகத் திறந்திருந்தது. கழுத்துத் துணி வெளிப்பக்கம் உப்பி நின்றது. சத்தம் மட்டும் இல்லை. சிலேட்டில் இருந்த ஒரே சொல்: நிறுத்து.

கம்ப்யூட்டர்காரர் திரையைப் பார்த்தபோது பெட்டி மூடிவிட்டிருந்தது.

மருந்துக்கடைக்காரர் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கம்ப்யூட்டர்காரர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அழிந்ததை மீட்கும் நிரல் ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். அதை ஓட்டினார். உள்ளே இருக்கும் டிஸ்க் பழைய சுழலும் தட்டாக இருந்தால் பாதியாவது தேறும். இது புது வகை. அழி என்று சொன்னதும் தன்னையே துடைத்துக்கொள்வது. வேகமாக இருக்கும் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது. "வேல நடக்குதா?" என்றதற்கு, "நடக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் ஃபிட்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் ஒரு தட்டும் கேட்கவில்லை.

நிரல் ஓடி முடித்தது. நூற்றெண்பத்தாறு பெயர்கள் திரும்பி வந்தன. அளவும் தேதியும்கூடச் சரியாக இருந்தன. ஒன்றைப் பிரித்து உள்ளே பார்த்தார். பூச்சியம். இன்னொன்று. பூச்சியம். குரல் இருந்த இடத்தில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வெறும் பூச்சியங்கள்.

"அய்யோ, வந்துடுச்சா!"

பின்னால் அந்த அம்மா நின்றிருந்தார். திரை நிறையப் பெயர்கள், பழையபடி அகர வரிசையில்.

"பார்த்தீங்களா, தம்பி சொன்ன மாதிரியே வந்துடுச்சு. கொஞ்சம் நகருங்க தம்பி." கம்ப்யூட்டர்காரர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் குனிந்து மவுசைப் பிடித்தார். எது எங்கே இருக்கும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. 'ஏய் சும்மா'வை இரண்டு முறை அமுக்கினார்.

இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வந்தது.

'ஏய் கோபம்'. திறக்க முடியவில்லை. 'தண்ணி'. திறக்க முடியவில்லை. ஏழெட்டு அமுக்கிப் பார்த்தபிறகு மவுசிலிருந்து கையை எடுத்தார்.

"எல்லாத்தையும் தின்னுடுச்சா தம்பி? அந்த வைரஸ்?"

கம்ப்யூட்டர்காரருக்கு அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் கிடைத்துவிட்டது. அதை எடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

"ஆமாம்மா," என்றார். "வைரஸ்தான்."

அந்த அம்மா தன் வலது கையை விரித்துப் பார்த்தார். கணவர் பக்கம் திரும்பினார். "இந்தக் கைதான். அமுக்காம இருந்திருக்கலாம். உங்களக் கேட்டிருக்கலாம், நீங்க அங்க வெளியிலதானே நின்னுட்டிருந்தீங்க. காப்பாத்துறேன்னு நானே போய் உங்க குரலக் கொன்னுட்டேனே."

டக் டக்.

"நீங்க சும்மா இருங்க. இல்லைன்னு எனக்காகச் சொல்லாதீங்க."

டக் டக்.

ஃபிட்டர் சிலேட்டை எடுத்தார். 'நிறுத்து' அழியாமல் அப்படியே இருந்தது. மனைவியிடம் அதைக் காட்டவில்லை. கம்ப்யூட்டர்காரருக்கு எதிரே நேராக வைத்து, அதன்மேல் சாக்பீஸை வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினார். நீயே எழுது என்பதுபோல.

கம்ப்யூட்டர்காரர் சாக்பீஸைத் தொடவில்லை.

"வைரஸ் இல்லம்மா," என்றார். "அது ஒளிச்சுத்தான் வச்சிருந்துச்சு. முழுசா இருந்துச்சு. நான்தான் பார்க்காம அழிச்சுட்டேன்."

"அப்ப..." அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் அமுக்கினதால இல்லையா?"

"இல்லம்மா."

ஃபிட்டர் ஒரு முறை தட்டினார்.

அந்த அம்மாவின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததை அவரே உடனே உணர்ந்துகொண்டார் போலும். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கைகளை எடுத்தபோது குரல் மாறியிருந்தது.

"இவர் பக்கத்துலயேதானே இருந்தார்? தட்டலையா?"

"தட்டினார்."

"எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டு தட்டுன்னா வேண்டாம்னு உங்ககிட்ட நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. போன் பேசிட்டிருந்தேன்."

அந்த அம்மா அவரிடமிருந்து திரும்பினார். உள்ளே போய்த் தன் கைபேசியை எடுத்து வந்து மகளை அழைத்தார். "அப்பாவோட குரல் ஏதாவது உங்கிட்ட இருக்கா? எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். இருக்கா, இல்லையா?" அந்தப் பக்கம் தேடும் சத்தம் சிறிது நேரம் கேட்டது. செய்தி பார்க்கும் நேரத்தில் மகள் போனில் பேச்சை வளர்த்தால் தகப்பன் ஒரு கோப்பை அமுக்குவாராம். அதை ஒரு நாள் வேடிக்கைக்காக மகளுக்கு அனுப்பியும் வைத்திருந்தார். அது ஒன்றுதான் தப்பியிருந்தது. மகள் அதை ஓட்டினாள். கூடத்தில் கனத்த, கொஞ்சம் சலித்த, சுத்தமான குரல் ஒன்று எழுந்தது.

"சரி சரி, போன வை."

ஃபிட்டர் நிமிர்ந்து பார்த்தார். தன் குரல் வந்த கருவியைப் பார்த்தார். மகள் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே, "எங்கிட்ட இது ஒண்ணுதான். இத வச்சு அப்பா எப்படிம்மா குடும்பம் நடத்துவார்?" என்றாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அந்த அம்மா அழைப்பைத் துண்டித்தார்.

கம்ப்யூட்டர்காரர் வயர்களைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். திரை சுத்தமாக இருந்தது. கேடயம் இல்லை, ஆபத்துகளின் எண்ணிக்கை இல்லை. வந்த வேலை முடிந்துவிட்டிருந்தது. போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாமா, சொல்லாமல் போகலாமா என்று தெரியாமல் வாசற்படியில் செருப்புக்குள் காலை விட்டபடி நின்றார்.

அந்த அம்மா குடிக்காத டீயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினார். பாதி வழியில் மேசை ஒலித்தது.

டக் டக் டக்.

நின்றார். "மூணா? ஒண்ணும் ரெண்டும்தானே நமக்கு. மூணு ஏது?"

ஃபிட்டர் உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தார். எழுதி, திருப்பிக் காட்டினார். ஏய்.

அந்த அம்மா டம்ளரோடு நின்று அதைப் படித்தார். இரண்டு எழுத்தைப் படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"எந்த ஏய்?" என்றார்.

ஃபிட்டர் சாக்பீஸை அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். அது அங்கேயே நின்றது. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் மூன்று முறை தட்டினார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

"புரியலங்க," என்றார் அந்த அம்மா.