ஏழாம் ஸ்தலம்

குருத்து ஞாயிறு பூசைக்காகக் கோவில் வாசலில் நின்றிருந்தபோது மதலேனம்மாளின் கை தன்பாட்டுக்கு இடுப்புச் சுருக்குப்பைக்குப் போனது. உள்ளே துழாவிப் பார்த்து, வெறும் பை என்று தெரிந்ததும் எரிச்சலோடு திரும்பி வந்தது. வெற்றிலையைச் சாம்பல் புதனன்றே விட்டாயிற்று. ஐந்து வாரம் தாண்டியும் கைக்குப் புத்தி வரவில்லை. வெற்றிலையும் பாக்கும் ஒரு துண்டுப் புகையிலையும் வாயில் இல்லாமல் அத்தித்தாங்கல் காலனியில் யாரும் அவளைப் பார்த்தது கிடையாது. கல்யாணத்தன்றுகூடக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பீடத்தடியில் நின்றாள் என்று நாத்தனார் சின்னப்பொண்ணு இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்டவள் இந்த நாற்பது நாள் தபசுகாலம் முழுக்க வெற்றிலையைத் தொடுவதில்லை என்று ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருந்தாள். கூடவே கஞ்சிக்கு உப்புக் கிடையாது. மூன்றாவதுதான் உயிரை வாங்கியது. கோதண்டராமனைத் திட்டுவதில்லை.

கோதண்டராமன் பெரிய தெருக்காரர். ஏரிப் பாய்ச்சலில் நிலம் உள்ளவர். போன வருஷம் வரைக்கும் மதலேன் அவர் கழனியில்தான் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். எழுபத்தேழில் காலனிக்காரர்கள் சேர்ந்து ஏரி மீன் குத்தகையைத் தங்களுக்குக் கேட்டார்கள். கேட்டதே குற்றமாகிவிட்டது. அந்தக் கோபம் எங்கே வெடிக்கும் என்று எல்லோரும் ஏரியையே பார்த்துக்கொண்டிருக்க, அது போன வருஷப் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் வந்து வெடித்தது.

சிலுவைப்பாதைக்கு, நின்று செபம் சொல்லப் பதினாலு ஸ்தலம். கோவில் கட்டிய நாளிலிருந்து முதல் ஐந்து காலனிக்குள், அடுத்த மூன்று பெரிய தெருவில், மிச்சம் தெருவைக் கடந்து கல்குன்று ஏறும் வழியில். பெரிய தெரு ஒன்றும் யாருடைய கொல்லைப்புறமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பைக்குப் போகிற பஸ் அதில்தான் வருகிறது. சிலுவையை வருஷா வருஷம் சுமப்பவன் மதலேனின் புருஷன் ராயப்பன். ஆண்டவர் விழுகிற மூன்று ஸ்தலங்களிலும் சிலுவை சுமப்பவனும் விழுந்து எழ வேண்டும் என்பது அத்தித்தாங்கல் வழக்கம். ராயப்பனுக்கு அது மட்டும் வராது. நெல் மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி பதமாகக் குனிந்து, முட்டி போட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டுதான் விழுவான். பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்குவார்கள். போன வருஷம் ஏழாம் ஸ்தலத்தில், கோதண்டராமன் வீட்டு எதிரில், அவன் வெட்டிப்போட்ட மரமாய்க் குப்புற விழுந்தான். சிலுவை அவன் கால்மேல் விழுந்தது. கூட்டம் மெய்சிலிர்த்துப் போனது. கோவில் உபதேசியார் குரல் தழுதழுக்க செபத்தை ஆரம்பிக்க, அத்தனை பேரும் முழந்தாளிட்டார்கள். மனுஷன் ஒருவழியாக விழக் கற்றுக்கொண்டானே என்று மதலேனுக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரலோக மந்திரம் முழுசாகச் சொல்லி முடித்தாள். அடுத்த மந்திரத்தின் பாதியில் இருக்கும்போதுதான் சின்னப்பொண்ணு அலறினாள். ராயப்பனின் பின்மண்டையிலிருந்து வழிந்த ரத்தம் அவள் சேலை முந்தானைவரை வந்திருந்தது.

பக்கத்தில் ஒரு கருங்கல் கிடந்தது. எறிந்த கையை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே டீக்கடையில் தான்தான் எறிந்ததாகக் கோதண்டராமன் தன் வாயால் சொல்லிக்கொண்டார். மண்டை ஆறிவிட்டது. சிலுவை விழுந்த இடது முழங்கால் ஆறவில்லை. கல்குவாரியில் பாறை உடைத்துக்கொண்டிருந்தவன் இப்போது தடியூன்றி வீட்டு வாசலுக்கும் குழாயடிக்கும் நடக்கிறான். அன்றைக்குக் கூட்டம் கலைந்ததோடு சரி, மிச்ச செபத்தை யாரும் சொல்லவில்லை.

அந்த மனுஷருக்காகத்தான் மதலேன் வெற்றிலையை விட்டாள். சத்துருவுக்காக வேண்டிக்கொள் என்று கோவிலில் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிடிவாதக்காரி. தினம் விளக்கு வைத்ததும் அவர் பேரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். "அவனுக்கும் சமாதானம் குடு" என்று மாதாவையே மிரட்டுவாள். தலைவலி பிளக்கும், உப்பில்லாத கஞ்சி தொண்டையில் நிற்கும், இதெல்லாம் யாருக்காக என்று நினைத்தால் வசவு நாக்கு நுனிவரை வந்து நிற்கும். நான்காவது வாரத்தில் ஒருநாள் கோதண்டராமன் மதகடியில் தனியாகக் குனிந்து சேறு வாரிக்கொண்டிருந்ததைக் கண்டாள். முதுகு கூனத் தொடங்கியிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர அவர் பட்ட பாட்டைப் பார்த்து, அட பாவமே என்று அவள் மனசு சொல்லிவிட்டது. சொன்னது அவளுக்கே ஆச்சரியம். அன்றையிலிருந்து செபம் தொண்டையில் சிக்கவில்லை.

பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் குருத்தோலையோடு எல்லோரையும் உட்காரச் சொன்னார். தெற்கத்திப் பக்கத்து இளவயசு மனிதர். மோட்டார் சைக்கிளில் மாசம் இரண்டு தரம் வந்துபோகிறவர். பெரிய தெருப் பெரியவர்களோடு பேசிவிட்டதாகவும், இனி ஒரு சண்டையும் இருக்காது என்றும் சொன்னார். இந்த வருஷம் சிலுவைப்பாதை பெரிய தெருவுக்குள் போகாது. ஐந்தாம் ஸ்தலத்தோடு திரும்பி ஏரிக்கரை வழியாகக் குன்றுக்குப் போய்விடலாம். கூட்டத்தில் பலருக்கு மூச்சு வந்தது. மதலேனின் வாய் மட்டும் வெற்றிலை கேட்டது.

எல்லோரும் கலைந்தபின் அவள் சாமியாரிடம் போனாள். வெற்றிலையையும் உப்பையும் விட்ட அவளுடைய ஒறுத்தலைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"உங்க செபத்தாலதாம்மா இந்தச் சமாதானமே வந்திருக்கு. தெருவ விடறதையும் ஒரு ஒறுத்தலா நெனச்சு ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துருங்க."

"வெத்தல என்து சாமி. உப்பு என்து. வாயி என்து. அத்தெல்லாம் நான் வுட்டேன். தெரு இன்னா என் ஒருத்தி சொத்தா? இத்தினி பேருதை எடுத்து நான் எப்டி ஒப்புக்குடுக்கிறது?"

"சமாதானம் வேணும்னுதானே வேண்டிக்கிறீங்க?"

"ஆமா சாமி. அவுரும் நானும் ஒரே தெருவுல நடக்கணும்னு வேண்டிக்கினு கீறேன். ஏரிக்கரையில போறதுக்கு எதுக்கு வேண்டிக்கணும்? அது எப்பவும் தொறந்துதான் கீது."

சாமியாருக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் இருந்தது. இன்னொரு மண்டை உடைந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.  மதலேன் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் ராயப்பன் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவன் காதுக்கு விஷயம் வந்திருந்தது.

"கால் போனது எனக்கு. நானே அந்தத் தெரு வேணாம்னு கீறேன். உனக்கு இன்னாமே வந்துது?"

ஒரு வருஷமாகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னாள். "நீ வுழுந்து கெடந்தியே, அப்போ நான் சந்தோஷப்பட்டேன்யா. நல்லா வுழுந்துட்டான் எம்புருசன்னு நெனச்சினு ஒரு பரலோக மந்திரம் முழுசா சொன்னேன். நீ ரத்தத்துல கெடந்தே. நான் கண்ணு தொறக்கல."

ராயப்பன் எண்ணெய்க் கையோடு அவளைப் பார்த்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "அவ்ளோ நல்லாவா வுழுந்தேன்?" என்றான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு அவன் வேணாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் காலைச் சுட்டது. சிலுவையை உபதேசியார் சுமந்தார். ஐந்தாம் ஸ்தலம் காலனி முடிகிற புங்கமரத்தடியில். செபம் முடிந்து எழுந்த கூட்டம் இடது கைப்பக்கம் ஏரிக்கரைக்குத் திரும்பியது. மதலேன் நின்ற இடத்திலேயே நின்றாள். சின்னப்பொண்ணு அவள் கையைப் பிடித்தாள்.

"வாணாம் அண்ணி. உன்னால எல்லாருக்கும் அடி வுழும்."

"அதுக்குத்தான் நான் மட்டும் போறேன். கேட்டா, அவ பைத்தியம், நாங்க சொல்லியும் கேக்கலன்னு சொல்லிடுங்க."

சாமியார் திரும்பிப் பார்த்து அவள் பேரைச் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வலது கைப்பக்கம் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் பாட்டு ஒரு கணம் தடுமாறிவிட்டு ஏரிக்கரைமேல் ஏறிப் போனது.

ஆறாம் ஸ்தலம் ரேஷன் கடைப் பக்கத்தில். கடைக்காரர் படியை வைத்துவிட்டுப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தியாய்ச் சிலுவைப்பாதை செய்வதில் ஒரு சங்கடம் இருந்தது. முதலடியைச் சொல்லிவிட்டுக் கூட்டம் பதில் சொல்லும் என்று வழக்கப்படி நிறுத்தினாள். பிறகு தானே அதையும் சொல்லிக்கொண்டாள். அதற்குள் தெரு விழித்துக்கொண்டது. கதவுகள் திறந்தன, சில மூடின. கோதண்டராமன் வீட்டு எதிரில் வந்தபோது அவள் வேகம் குறைந்தது. ராயப்பன் விழுந்த இடத்தை அவளால் கண்ணை மூடிக்கொண்டே காட்ட முடியும். நடுத்தெருவில் முட்டி போட்டு, வலது கையைத் தரையில் ஊன்றினாள். தார் ரோட்டின்மேல் காற்று கொண்டுவந்து போட்ட புழுதி விரல்களுக்கிடையில் சுட்டது. அவள் வேண்டுதலின்படி கோதண்டராமன் பேரை முதலில் சொன்னாள்.

அதுதான் வினையாயிற்று. வீட்டுக்குள்ளிருந்து பார்த்த அவர் மனைவி அலமு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தலையை மூடிய பொம்பளை, அடிபட்டவன் பெண்டாட்டி, வீட்டு வாசலுக்கு நேராகப் புழுதியில் கை வைத்து வீட்டுக்காரர் பேரைச் சொல்கிறாள். மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடப் போகிறாள் என்று அலமு கூச்சல் போட்டாள். அவள் சத்தம் கேட்டுக் கோதண்டராமன் துண்டை உதறிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"ஏம்மே, ஏரிக்கரையில போறதாத்தான பேச்சு?"

"பேசினவங்க போயிட்டாங்க பெரியவரே. நான் பேசல." பெரிய தெருக்காரர்களை ஆண்டே என்று கூப்பிடுவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

"என் பேரைச் சொல்லி மண்ணுல கை வெக்கிற. சாபம் வுடறியா?"

மதலேன் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. கல்லெறிந்த மனுஷர் அவளுடைய வெறுங்கைக்குப் பயப்படுகிறார் என்று தெரிந்ததும் அவளுக்குப் பயம் விட்டுப்போனது. இஷ்டப்பட்டிருந்தால் ஒரு பிடி மண் போதும், இந்த வீடு ஆறு மாசம் தூங்காது. அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய்.

"சாபம் வுடறதா இருந்தா போன வருசமே வுட்டிருப்பேன். நாப்பது நாளா உங்க பேரைச் சொல்லி உப்பில்லாத கஞ்சி குடிக்கிறேன். உங்களுக்கு நல்லது வரணும்னு."

"எனக்கு நீ ஒண்ணும் வேண்டிக்க வாணாம். எயுந்து போ."

"வேண்டிக்கிறது என் இஷ்டம். ஸ்தலம் முடியட்டும், போறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா போன வருசம் மாதிரி செய்ங்க. இந்தத் தடவ நான் கண்ணைத் தொறந்துகினுதான் வேண்டிக்குவேன்."

கோதண்டராமன் துண்டைத் தோளில் போட்டார். அலமு வாசற்படியிலிருந்து, "வுட்டுட்டு உள்ள வாங்க" என்றாள். அவர் போகவில்லை. இத்தனை பேர் பார்க்க எப்படிப் போவார். அவளும் எழவில்லை. அப்போதுதான் படப்பை பஸ் திருப்பத்தில் வந்து ஆரன் அடித்தது. டிரைவர் ஒரு தரம் அடித்தார், இரண்டு தரம் அடித்தார், மூன்றாம் தரம் கையை எடுக்காமல் அடித்தார். ஜன்னல்களில் தலைகள் நீண்டன. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு என்னமோ கத்தினான். நடுத்தெருவில் நிற்கிறவரும் முட்டி போட்டவளும் அசையாமல் இருப்பதைப் பார்த்து டிரைவர் அலுத்துப்போய் என்ஜினை நிறுத்திவிட்டார். தெரு அப்படியே அடங்கிப்போயிற்று. உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயிலில் கோதண்டராமனின் நிழல் குட்டையாக அவள் முட்டிமேல் விழுந்திருந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மதலேன் கண்ணைத் திறந்தபடியே, அவசரமில்லாமல், ஏழாம் ஸ்தலத்தின் செபத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.